நீருக்குள் ஒரு பிடி காற்று

சிறிய காமிராவைத் தண்ணீருக்குள் கொண்டுசெல்வதற்கென்று விற்கப்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கூட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்ப்பவர், தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்றே அதன் வேலை என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அந்த எண்ணம் சரிதான். ஆனாலும் விஷயத்தில் பாதியைத்தான் அது தொடுகிறது. காமிராவின் லென்ஸ் காற்றில் பார்ப்பதற்கென்றே வகுக்கப்பட்ட ஸ்படிகக் கண். அதன் பொத்தான்களும் மின்சார நரம்புகளும் காற்றில் வாழவே பழகியவை. ஆகவே அந்த யந்திரம் வாழும் உலகத்திலிருந்து ஒரு பிடி காற்றைப் பிய்த்தெடுத்து, மூடி போட்டு, தாழிட்டு, அந்நியமான வேறோர் உலகத்துக்குள் இறக்குகிறோம். ஹவுசிங் என்று புகைப்படக்காரர்கள் சொல்லும் இந்தக் கூட்டினால் விளையும் சௌகரியங்களுக்கும் தொல்லைகளுக்கும் மூலகாரணத்தை ஆராய்ந்துகொண்டே போனால், பெரும்பாலும் அந்த ஒரு பிடி காற்றில்தான் போய் நிற்போம்.

இந்த யோசனை புதியதல்ல. 1856ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வேமத் கரையோரத்தில், வில்லியம் தாம்சன் என்பவர் கண்ணாடி முகப்புள்ள ஒரு பெட்டிக்குள் காமிராவை வைத்துப் படகிலிருந்து கடலுக்குள் இறக்கினார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. அப்படியும் மங்கலான ஒரு பிம்பம் தட்டில் பதிந்திருந்தது. அதற்குப் பின் 1893இல், பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில் பான்யூல் என்ற கடற்கரை ஊரில், லூயி பூத்தான் என்ற பிராணி சாஸ்திரி, எஞ்சினீயரான தம் சகோதரர் ஓகுஸ்தேயின் உதவியோடு ஓர் உலோகப் பெட்டியைச் செய்து, தாமே மூழ்குடை தரித்துக் கடலடியில் இறங்கிப் படமெடுத்தார். அவருடைய பெட்டியோடு காற்று நிரம்பிய ரப்பர்ப் பை ஒன்று இணைந்திருந்தது. ஆழம் கூடக்கூட நீர் அந்தப் பையை நசுக்கும். நசுங்கிய பையிலுள்ள காற்று பெட்டிக்குள் ஏறும். ஆகவே உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகி, நீர் உட்புகும் வேகம் தணிந்துவிடும். இன்றைய மலிவான கூடுகளில் இந்த நயமான ஏற்பாடு கிடையாது. ஒரு படத்துக்கு அரை மணி நேரம்வரை காத்திருந்த அந்த மனிதர், 1899இல், கடலுக்கடியில் நின்ற ரக்கோவித்ஸா என்ற சக விஞ்ஞானியைப் படம் பிடித்தார்.

நம் கையிலுள்ள கூட்டுக்கு வருவோம். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில், குறிப்பிட்ட ஒரே ஒரு காமிரா மாடலின் அளவுக்கு வார்க்கப்பட்டது அது. ஒரே கம்பெனியின் அடுத்த வருஷத்து மாடல்கூட அதற்குள் பொருந்தாது. காமிராவின் ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராகக் கூட்டின் சுவரைத் துளைத்துச் செல்லும் ஓர் உலோகத் தண்டும், அதைத் திரும்ப வெளியே தள்ள ஒரு ஸ்பிரிங்கும், தண்டைச் சுற்றி ஒரு சிறு ரப்பர் வளையமும் இருக்கும். பின்பக்க மூடியைத் திறந்தால், விளிம்பையொட்டி ஓடும் வாய்க்கால் போன்ற பள்ளத்தில், கதவளவு பெரிய இன்னொரு வளையம் படுத்திருக்கும். இதுதான் ஓ-ரிங். மோட்டார் மெக்கானிக்கும், பம்புசெட் பழுது பார்ப்பவரும், லாரிப் பட்டறைக்காரரும் தினந்தோறும் கையாளும் அதே சாதனம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற முதியவர் 1939இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்து வந்த மகாயுத்தத்தில் ஆகாய விமானங்களுக்கெல்லாம் அது இன்றியமையாததாகிவிட்டது. அவருடைய சூக்ஷ்மம் வளையத்தில் மட்டும் இல்லை. வளையம் சற்றே நசுங்கி உருள்வதற்கு இடங்கொடுக்கும் பள்ளத்தின் அளவிலும் இருந்தது. அழுத்தம் கூடக்கூட வளையம் பள்ளத்தின் மூலையில் மேலும் இறுகிப் படிகிறது. எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்ளும் இந்தக் காவலன், நேருக்கு நேர் வரும் பலத்துக்கு அஞ்சுவதில்லை. குறுக்கே கிடக்கும் ஒரு தலைமயிருக்கு, ஒரு மணற்பொடிக்கு, துண்டிலிருந்து உதிர்ந்த ஒரு பஞ்சு நூலுக்குத் தோற்றுப்போகிறான். ஆகையால் மூடுவதற்கு முன், வெளிச்சத்தில் வளையத்தைச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் முழுவதும் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். கூட்டோடு கொடுக்கப்படும் கிரீஸை, வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசினால் போதும். கிரீஸ் தண்ணீரை அடைக்கும் என்று நினைத்து அப்பிவிடுகிறவர்கள், தூசியை ஒட்டவைக்கும் பசையைத்தான் பூசுகிறார்கள். பட்டறையில் கிடைக்கும் வேறு கிரீஸ் சிலவகை ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புதிய கூட்டைக் காமிராவோடு தண்ணீரில் இறக்குவது அவசர புத்தி. முதலில் உள்ளே ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை மட்டும் மடித்து வைத்து மூடி, வீட்டு முற்றத்து வாளியில் ஒரு கல்லைப் பாரமாக வைத்து அமிழ்த்தி, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஒரு சொட்டு புகுந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். கூடுகள் கசிவது பெரும்பாலும் பேராழத்தில் அல்ல, முதல் இரண்டு மூன்று அடியில்தான் என்பதால் வாளியை அற்பமாக எண்ண வேண்டியதில்லை. ஆழத்தில் நீரே மூடியை வளையத்தின்மேல் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது, மேல்மட்டத்தில் அந்த உதவி இல்லை.

அந்த உதவியின் அளவு எவ்வளவு என்பதை நம் பக்கத்து உதாரணம் ஒன்றால் கணக்கிட்டுப் பார்க்கலாம். தருமபுரி ஜில்லாவின் ஒட்டனூர், நாகமரை ஆகிய பரிசல் துறைகளிலிருந்து பார்த்தால், எதிர்க்கரையில் சேலம் ஜில்லா தெரியும். நடுவே விரிந்து கிடப்பது 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம். அணை எழுந்தபோது கைவிடப்பட்ட ஊர்களில், பண்ணவாடிப் பக்கத்து ஜலகண்டேசுவரர் கோயிலும் இரட்டைக் கோபுர கிறிஸ்தவ ஆலயமும் தண்ணீருக்குள் போயின. கோடையில் நீர்மட்டம் எழுபது அடியை ஒட்டி இறங்கும்போது கோயிலின் பெரிய நந்தி வெளிப்படுவதும், அதைப் பார்க்க ஜனங்கள் கூடுவதும், பத்திரிகைகளில் படம் வருவதும் வழக்கமாகிவிட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அப்படியானால் அணை நிரம்பிய நாளில் நந்தியின் தலைக்குமேல் ஏறக்குறைய 50 அடி, அதாவது 15 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ வீதம் அழுத்தம் கூடுமாகையால், அங்கே அது ஒன்றரைக் கிலோ ஆகிறது. 12 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள நம் கூட்டின் மூடியைத் தண்ணீர் 144 கிலோ பாரத்தோடு அமுக்கும். கேனன் போன்ற கம்பெனிகள் தங்கள் சிறு காமிராக்களுக்கான கூடுகளை 40 மீட்டர் ஆழம் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்கின்றன. கணக்குப்படி அந்த நந்தியின் முகம்வரை அவை சுகமாகப் போய்வரக்கூடும். காமிரா போகும், மனிதன் போவதற்கில்லை: கலங்கலான நீரும், அறுந்து கிடக்கும் வலைகளும், முதலைகளும் உள்ள அத்தேக்கத்தில் தனிமனிதன் மூழ்கிப் பார்க்க ஆசைப்படுவது அறிவுடைமையாகாது.

அடைத்துச் சென்ற காற்று செய்யும் அடுத்த குறும்பு, பனிமூட்டம். 30 பாகை உஷ்ணமுள்ள காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 24 பாகைக்குக் குளிர்ந்தால் 22 கிராமுக்குமேல் தாங்காது. எஞ்சியது மிகவும் குளிர்ந்த பரப்பைத் தேடிப்போய்ப் படியும். கூட்டில் மிகவும் குளிர்ந்த பரப்பு எது? தண்ணீரோடு உரசிக்கொண்டிருக்கும் லென்ஸ் முகப்புக் கண்ணாடியேதான். உள்ளே இருக்கும் காமிராவோ மின்சாரம் ஓடுவதால் சூடேறிக்கொண்டே இருக்கிறது. ஒகேனக்கல் அருவியின் சாரலில் நின்றுகொண்டு, ஈரக் கையோடு பாட்டரி மாற்றி, அங்கேயே மூடியைப் போட்டவர்கள், கால் மணி நேரத்தில் படமெல்லாம் பால்போல வெளுத்திருப்பதைக் கண்டு காமிராவை நொந்துகொள்வார்கள். விடுதி அறையில், மின்விசிறியடியில், உலர்ந்த கையோடு மூடி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் செருகிவிட்டால், இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் அந்தப் பொட்டலம் வளையத்தின்மேல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நன்மையைத் தேடிப் பெரிய தீமையை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இனி, பார்வை. காற்றிலிருந்து கண்ணாடிவழியாக நீரைப் பார்க்கும் எந்தக் கண்ணுக்கும், தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆக இருப்பதால், ஒரு மீட்டர் தூரத்திலுள்ள மீன் முக்கால் மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். மூன்றில் ஒரு பங்கு பெரியதாகவும் தெரியும். கரையில் நின்று ஈட்டியால் மீன் குத்துகிறவன் தெரிகிற இடத்தைவிடச் சற்றுக் கீழே குறி வைப்பது இதே நியதியின் வேறொரு முகம். காமிராவும் நம்மோடு சேர்ந்தே ஏமாறுகிறது, தோன்றும் முக்கால் மீட்டருக்கே தன்னைக் குவித்துக்கொள்கிறது. ஆகவே தெளிவு கெடுவதில்லை. கெடுவது விசாலம். காற்றில் 75 பாகை அகலத்தைப் பார்க்கும் லென்ஸ், தட்டையான முகப்பின் பின்னாலிருந்து நீருக்குள் 54 பாகையைத்தான் பார்க்கும். முழு மனிதனையோ பெரிய பாறையையோ சட்டத்துக்குள் அடைக்க வேண்டுமென்றால் பின்வாங்கிப் போகவேண்டும். பின்வாங்கினால் இடையில் நிற்கும் தண்ணீர் அதிகமாகும். தண்ணீர் அதிகமானால் படம் மங்கும். அரைக்கோள வடிவான முகப்புக் கண்ணாடி இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும் என்றாலும், சிறு காமிராக் கூடுகளில் அது அரிது. சில கூடுகளின்மேல் மாட்டிக்கொள்ளும் அகல லென்ஸ்கள் தனியே கிடைக்கின்றன.

வர்ணங்களைப் பற்றி நீருக்கடிப் புகைப்படக் கையேடுகள் சொல்லும் புத்திமதியை நம் ஊர் வாசகர் சற்று எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவை அநேகமாகச் சமுத்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தெளிந்த நீர் சிவப்பு ஒளியை விழுங்குவதில் வல்லது. மூன்று மீட்டர் கடப்பதற்குள் சிவப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். நீலமோ நெடுந்தூரம் பிழைத்திருக்கும். அதனால்தான் கடலடிப் படங்கள் நீலமாக இருப்பதும், சிவப்புக் கண்ணாடி வடிகட்டியை மாட்டு என்று கையேடுகள் உபதேசிப்பதும். காவேரியில் நிலைமை வேறு. மலைக்காடுகளின் இலைச்சருகுகள் ஊறிய சாறும், பாசியும், வண்டலும் கலந்த ஆற்றுநீர், சிவப்பைத் தொடுவதற்கு முன்னால் நீலத்தையே உண்டுவிடுகிறது. எஞ்சுவது பச்சையும் மஞ்சளும், புதுவெள்ளக் காலத்தில் பழுப்பும்தான். அங்கே கடலுக்கான சிவப்பு வடிகட்டியைப் போட்டால் கிடைப்பது துருவேறிய படம். வடிகட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் படமெடுக்கும் ஆழத்திலேயே பிடித்து, இதுதான் வெள்ளை என்று காமிராவுக்குக் கற்றுக்கொடுப்பது உத்தமம். அநேகமாக எல்லா நல்ல சிறு காமிராக்களிலும் அதற்கு வசதி உண்டு. ஆழம் மாறினால் பாடத்தைத் திரும்பவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆற்றில் மிதக்கும் வண்டல் துகள்களோ வர்ணத்தைவிடப் பெரிய விரோதி. காமிராவின் பிளாஷ் லென்ஸுக்கு அருகிலேயே இருப்பதால், அது மின்னும்போது இடையிலுள்ள ஒவ்வொரு துகளும் தன்மேல் விழுந்த ஒளியை நேரே லென்ஸுக்குத் திருப்பி அனுப்பும். படத்தில் மாவு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் நிறைந்துவிடும். ஒளியை லென்ஸிலிருந்து தூரத்தில் பக்கவாட்டில் வைப்பதே இதற்கு முறையான பரிகாரம். அதற்குச் செலவு அதிகம். பிளாஷை அணைத்துவிட்டு, சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும் பத்து மணிமுதல் இரண்டு மணிவரையிலான வெயிலை நம்பி, ஒரு முழத்துக்குள் நெருங்கி எடுப்பது ஏழையின் பரிகாரம். பெரும்பாலும் அதுவே அழகான படத்தையும் தருகிறது. பருவம் எது என்று கேட்டால், பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளந்து சொல்லும் நீர்வரத்துச் செய்தியை நாளிதழில் பார்த்துவரச் சொல்வேன். கர்நாடக அணைகள் திறக்கப்பட்டு வரத்து ஏறிய வாரங்களில் ஆற்றுக்குள் காமிராவின் கண் தன் மூக்கையே காணாது; பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை விதித்திருப்பார்கள். மாசி, பங்குனியில் வரத்து மெலிந்து, பாறைகளுக்கிடையில் மடுக்கள் தேங்கித் தெளியும்.

ஆற்றுக்கு முன்னால் கிணற்றில் பழகுவது நலம் என்று சொன்னால், தருமபுரிக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் பாறையை வெட்டி இறக்கிய விசாலமான கிணறுகளில் ஓட்டம் இல்லை, அலை இல்லை, வண்டலும் குறைவு. பையன்கள் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய அதே தண்ணீரில் இறங்கியதும், கூடும் ஒரு குடுக்கையைப்போலக் கையைவிட்டு மேலே எழும்பப் பார்க்கும். 600 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும் கூடு, காமிராவோடு சேர்த்து 500 கிராமே எடையிருந்தால், மீதி 100 கிராம் விசையோடு மிதக்கத்தானே செய்யும்! கைநழுவினால் மூழ்காமல் மிதந்துவருவது நல்லதே. ஆனால் படமெடுக்கும்போது கை நடுங்கும். வீச்சுவலையில் கோப்பதற்கு விற்கும் ஈயக்குண்டுகளில் சிலவற்றை ஒரு பையிலிட்டு அடியில் கட்டினால் கூடு அடங்கிவிடும். கடலுக்குப் போகும்போது இன்னும் 15 கிராம் கூட்டிக்கொள்ள வேண்டும், உப்புநீரின் அடர்த்தி அவ்வளவு அதிகம்.

கிணற்றில் மட்டுமே எளிதாகக் கிடைக்கும் ஒரு காட்சி உண்டு. இரண்டாள் ஆழத்தில் படியைப் பிடித்துக்கொண்டு காமிராவை நேர்மேலே திருப்பினால், தலைக்குமேல் ஒளிமயமான ஒரு வட்டம் தெரியும்; அந்த வட்டத்துக்குள், வளைந்து ஒடுங்கியபடி, கிணற்றின் நான்கு விளிம்பும், எட்டிப்பார்க்கும் முகங்களும், ஓரத்துத் தென்னையும், ஆகாயமும் அத்தனையும் அடங்கியிருக்கும்; வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு, கிணற்றுச் சுவரையே பிரதிபலிக்கும் இருண்ட கண்ணாடியாகிவிடும். அடிவானத்திலிருந்து அடிவானம்வரை 180 பாகையில் வரும் ஒளிக் கிரணங்கள் எல்லாம், நீருக்குள் நுழையும்போது வளைந்து, ஏறக்குறைய 97 பாகைக் கூம்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதே இதன் காரணம். அதே கணத்தில் மேலிருந்து ஒரு பையன் குதித்தானானால், அந்த வட்டம் உடைந்து, அவனைச் சுற்றி வெள்ளிக் குமிழிகள் கொத்தாக இறங்கும். காமிராவின் தொடர் படமெடுக்கும் வசதியைப் போட்டுவைத்தால், அவற்றில் ஒன்று நிச்சயம் நன்றாக அமையும்.

ஒகேனக்கல்லைப் பொறுத்தவரை, ஆள் இறங்காமல் காமிராவை மட்டும் இறக்குவதே நான் சிபாரிசு செய்யும் முறை. அங்குள்ள ஆற்றில் முதலைகள் உண்டு, பாறைகள் வழுக்கும், நீரோட்டம் மேலே சாந்தமாகத் தோன்றும் இடத்திலும் அடியில் இழுக்கும், அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் குளிப்பதற்கில்லை, சுற்றிலும் வனத்துறையின் காவேரி சரணாலயம். இரண்டு ஆள் உயரமுள்ள மூங்கில் கழியின் நுனியில் கூட்டை இறுகக் கட்டி, கூட்டிலிருந்து தனிக் கயிறு ஒன்றைப் பரிசலின் பிரம்பிலும் கட்டி, சில விநாடிக்கு ஒருமுறை தானாகப் படமெடுக்கும்படி காமிராவை ஏவிவிட்டு, பரிசலோட்டி சொல்லும் மடுவில் கழியை மெல்ல இறக்கி அசையாமல் பிடித்திருந்தால், முதல் சில நிமிஷம் வண்டலும் வெறுமையும்தான் பதியும். பிறகு பாறையில் வாயால் ஒட்டிப் பாசி மேயும் சிறு மீன்கள் திரும்பிவரும், கெண்டைகள் வரும், ஜிலேபி மீன் தன் குட்டையான கோபத்தோடு லென்ஸையே முட்டவும் வரலாம். மனிதன் மூழ்கினால் மூச்சுக் குமிழிகளைக் கண்டு ஓடிவிடும் மீன்கள், அசையாத ஒரு பெட்டியை வெகுசீக்கிரம் கல்லாகவே பாவித்துவிடுகின்றன.

இந்தப் படங்களுக்கு வேடிக்கைக்கு மேற்பட்ட பிரயோஜனமும் உண்டு. காவேரிக்கே உரிய கூன்முதுகு மகசீர், ஆளுயரம் வளரக்கூடிய மீன் என்று வேட்டைக்காரர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பேசிவந்திருந்தும், அதற்குரிய சாஸ்திரப் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதிப்பட்டது 2018இல்தான். அதே ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. எந்த மடுவில் எந்த மீன் உண்டு என்பதை வலையும் தூண்டிலும் இல்லாமல், ஒரு மீனுக்கும் காயமில்லாமல் அறிந்துகொள்ள இத்தகைய கழிக் காமிரா உதவும். தேதியும் இடமும் குறித்துவைத்த படம் என்றால், மங்கலாக இருந்தாலும் ஆய்வாளருக்கு அதில் வேலை இருக்கிறது.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியவை சில. கூட்டைத் திறப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஊறும்போதே எல்லாப் பொத்தான்களையும் அமுக்கி அமுக்கி விடவேண்டும். தண்டுகளின் இடுக்கில் புகுந்த மணல் அப்போதுதான் வெளியேறும். நல்ல தண்ணீர் என்பதை இந்த ஜில்லாவில் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரும், அதிலுள்ள புளோரைடும்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கே காரணமாயின. போர் தண்ணீரில் கழுவித் தானாக உலரவிட்டால், குடத்தின் வாயிலும் குழாயின் மூக்கிலும் படியும் அதே வெள்ளைக் காறை, முகப்புக் கண்ணாடியில் வட்டவட்டமாகவும் ஓ-ரிங் பள்ளத்தில் பொருக்காகவும் படிந்துவிடும். கண்ணாடியில் படிந்தது படத்தைக் கெடுக்கும், பள்ளத்தில் படிந்தது அடுத்த முறை தண்ணீருக்கு வழிவிடும். ஆகவே 2013முதல் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரிலோ, கேன் தண்ணீரிலோ கடைசியாக ஒருமுறை அலசி, நூல் உதிராத துணியால் ஒற்றி, வெயிலில் அல்லாமல் நிழலில் உலர்த்த வேண்டும். திறக்கும்போது மூடி கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். விளிம்பில் தங்கிய சொட்டு அப்போது காமிராவின்மேல் விழாது. ஆடியில் புதுவெள்ளம் வந்து ஆறு மூடப்பட்ட பிறகு கூட்டைப் பரணில் ஏற்றுகிறவர்கள், ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பொட்டலத்தில் வைத்து, மூடியைத் தாழிடாமல் விட்டுவைப்பது நலம். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ரப்பர் தன் உருண்டை வடிவத்துக்குத் திரும்புவதில்லை. எப்படியும் வருஷத்துக்கொரு முறை புது வளையம் மாற்றிவிட வேண்டும். அதை மட்டும் பட்டறையில் கிடைக்கும் உத்தேச அளவில் வாங்காமல், கூட்டைச் செய்த கம்பெனியிடமிருந்தே தருவித்துக்கொள்ளுங்கள்.